அளவு 58தான், ஆனால் ஹூட் பூட்ட முடியவில்லை

கேள்வி: நான் மட்டக்களப்புக் கல்லடியில் வசிக்கிறேன். விடியற்காலையில் கடற்கரையிலும் பின்னேரத்தில் வாவிக்கரையிலும் தோணிகளையும் கொக்குகளையும் படம்பிடிப்பது என் பொழுதுபோக்கு. அண்மையில் கெனன் 55-250 எஸ்.டி.எம். சூம் லென்ஸ் ஒன்றைப் பாவித்த பொருளாக வாங்கினேன். ஹூட் (பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் தடுக்க லென்ஸின் வாயில் மாட்டும் குழாய்) இல்லாமல் வந்ததால், இணையத்தில் "55-250 லென்ஸுக்கு உரியது, 58 மி.மீ." என்று போட்டிருந்த ஒன்றை வரவழைத்தேன். லென்ஸிலும் 58 என்றே இருக்கிறது. ஆனாலும் ஹூட் அதன் வாயில் உட்கார மறுக்கிறது. ஹூட்டின் விளிம்பில் ஈ.டி.-60 என்று அச்சிட்டிருக்கிறது. ஊர்க்கடையில் கேட்டால், 58இல் திருகிப் பூட்டும் இறப்பர் ஹூட்டைக் காட்டுகிறார்கள். பழுது ஹூட்டிலா, லென்ஸிலா? இனி நான் எதை வாங்க வேண்டும்?

பதில்: இரண்டிலும் பழுது இல்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவை அல்ல, அவ்வளவுதான். 55-250 என்ற பெயரில் கெனன் ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ்களை விற்றிருக்கிறது. முதலில் வந்த ஐ.எஸ். லென்ஸுக்கும் அதன் இரண்டாம் பதிப்புக்கும் உரிய ஹூட் ஈ.டி.-60 ஆகும், 2013இல் வெளிவந்த எஸ்.டி.எம். லென்ஸுக்கு உரியது ஈ.டி.-63 ஆகும். மூன்றிலும் ஃபில்டர் திருகும் புரியின் விட்டம் 58 மில்லிமீற்றர்தான் என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறுவது இலகு.

லென்ஸின் முன்புறத்தில், குறுக்கே கோடு போட்ட வட்டக் குறியை அடுத்து நிற்கும் 58 என்ற எண், உட்பக்கத்துப் புரியின் அளவு. அது ஃபில்டருக்கும் திருகிப் பூட்டும் பொருள்களுக்கும் உரியது. உங்கள் லென்ஸுக்கு நிறுவனம் செய்யும் ஹூட் அந்தப் புரியைத் தொடுவதே இல்லை. லென்ஸின் வெளிவிளிம்பில் இருக்கும் சிறிய பற்களில் அதைப் பொருத்தி, கால் சுற்று அளவுக்குத் திருப்பினால் "டிக்" என்று பூட்டிக்கொள்ளும். அந்தப் பற்களின் இடைவெளியும் விட்டமும் லென்ஸுக்கு லென்ஸ் மாறுபடுகின்றன. அவற்றை எந்த வளையத்திலும் எண்ணாக எழுதிவைப்பதில்லை. ஆகவே ஹூட் வாங்கும்போது லென்ஸின் முழுப் பெயரை, கடைசியில் வரும் எழுத்துகள் உட்பட, எழுதிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெயருக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் ஹூட் இலக்கத்தை லென்ஸுடன் வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். நிக்கோனிலும் இதே வழக்கம்தான் என்றாலும், அங்கே 18-105, 18-140 ஆகிய இரு லென்ஸ்களுக்கும் எச்.பி.-32 என்ற ஒரே ஹூட் பொருந்துகிறது. பெயர் ஒன்றாக இருந்து ஹூட் வேறாவதும் உண்டு, பெயர் வேறாக இருந்து ஹூட் ஒன்றாவதும் உண்டு என்பதால், ஊகித்து வாங்குவது பணத்துக்குக் கேடு.

ஈ.டி.-63இன் அசலை வாங்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ஹூட்டில் கண்ணாடி எதுவும் இல்லை. அது வெறும் பிளாஸ்டிக் குழாய். வேறு நிறுவனங்கள் அதே இலக்கத்துக்கு ஏற்பச் செய்யும் மலிவான ஹூட்டும் போதும். ஆனால் இரண்டைக் கவனியுங்கள்: உட்புறம் மினுங்காத கறுப்பாக இருக்க வேண்டும், பூட்டியபின் விரலால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக் கூடாது. உட்சுவர் மினுங்கினால், தடுக்க வேண்டிய ஒளியை அதுவே லென்ஸுக்குள் எறியும்.

இறப்பர் ஹூட்டையும் நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். உங்கள் லென்ஸில் குவியம் (ஃபோகஸ்) மாறும்போது முன்வளையம் சுழல்வதில்லை என்பதால், திருகிப் பூட்டும் ஹூட்டும் அதில் வேலை செய்யும். சிக்கல் நீளத்தில்தான். சூமை 250க்கு நீட்டினால் பார்வைக்கோணம் ஒடுங்கியது, ஆகவே நீண்ட ஹூட்டும் படத்துக்குள் வராது. 55இல் கோணம் விரிவதால், அதே ஹூட்டின் விளிம்பு மூலைகளில் கறுப்பாக விழலாம். ஃபில்டர் ஒன்றைப் போட்டு அதன்மேல் ஹூட்டைத் திருகினால், அது இன்னும் முன்னே தள்ளப்பட்டு இந்தக் குறை கூடும். கடையை விட்டு வெளியேறுமுன், லென்ஸை 55இல் வைத்து, துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நான்கு மூலைகளும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் வாங்கலாம். துவாரம் அகலத் திறந்திருக்கும்போது மூலை மெல்ல மங்குவதாக மட்டுமே தெரியும். சுருக்கினால்தான் ஹூட்டின் விளிம்பு கோடு கிழித்ததுபோல வெளிப்படும்.

உங்கள் இடத்துக்கு ஹூட் அவசியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடியில் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் சூரியன் தாழ்ந்து நிற்கிறது. கரைவலை இழுப்பவர்களைக் கரையோரமாக வடக்கு நோக்கி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: சூரியன் படத்துக்குள் இல்லை, ஆனால் அதன் ஒளி வலப்புறமிருந்து முன்கண்ணாடியில் சாய்வாக விழுந்து, படம் முழுவதையும் பாலாடை படிந்ததுபோல வெளிறச் செய்கிறது. ஹூட் உதவுவது இங்கேதான். சூரியனையே படத்துக்குள் வைத்து எடுக்கும்போது எந்த ஹூட்டும் ஒன்றும் செய்யாது.

பணத்தைப் பொறுத்தவரை, விற்றவர் "55-250" என்று பாதிப் பெயரைப் போட்டு விற்றதால், மாற்றித் தருமாறு கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. விளம்பரத்தின் திரைப்பிரதியையும் பற்றுச்சீட்டையும் பொதியையும் எறிந்துவிடாதீர்கள். அவர் மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். விளம்பரத்தில் எஸ்.டி.எம். என்று தெளிவாக எழுதியிருந்தால் உங்கள் பக்கம் இன்னும் பலமாகும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறேன். கெனன் 18-135 லென்ஸுக்குப் பூவிதழ் வடிவ ஹூட் வாங்க எண்ணுகிறேன். இதழ் வடிவம் அழகுக்காகவா?

பதில்: அழகுக்காக அல்ல. படச்சட்டம் நீள்சதுரமானது, மேலும் கீழும் பார்வை குறுகலாக இருப்பதால் அங்கே இதழ் நீளலாம், மூலைகளில் வெட்டிவிட வேண்டும். இதனாலேயே குவியம் மாறும்போது முன்வளையம் சுழலும் லென்ஸ்களுக்கு இதழ் ஹூட் கொடுப்பதில்லை. இதழும் சேர்ந்து சுழன்றால் மூலையில் வந்து நிற்கும். பழைய 18-55 ஐ.எஸ். இரண்டாம் பதிப்புக்கு வட்டமான ஹூட்டும், எஸ்.டி.எம். பதிப்புக்கு இதழ் ஹூட்டும் வந்தது இதனால்தான். உங்கள் லென்ஸிலும் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்: எஸ்.டி.எம். என்றால் ஈ.டபிள்யூ.-73பி, யூ.எஸ்.எம். என்றால் ஈ.டபிள்யூ.-73டி.

கலியாண வீட்டுக்குள் கமெராவின் சொந்த ஃபிளாஷை எழுப்பி எடுப்பதானால் ஹூட்டைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 18இல் எடுக்கும் குழுப்படத்தில், முன்வரிசையில் இருப்பவர்களின் மடியில் அரைவட்ட நிழல் ஒன்று விழும்.