ஸ்பைக்ஸ் போட்டதும் குதிகால் வலி

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மண்டலப் போட்டிக்கு 400 மீட்டர் ஓடுகிறான். ஆறு மாதத்தில் மளமளவென்று வளர்ந்துவிட்டான். போன மாதம் ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஓட்டக் காலணி) வாங்கினோம். இப்போது காலையில் எழுந்ததும் நொண்டுகிறான். கொஞ்ச நேரம் நடந்தால் சரியாகிவிடுகிறது. குதிகால் நாண் பழுதாகிவிட்டதா? எப்படித் தடுப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: வலி எங்கே என்று முதலில் பாருங்கள். குதிகாலின் இரு பக்கத்தையும் உள்ளங்கைகளால் சேர்த்து அழுத்துங்கள். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டால், ஆடுசதையைக் குதிகாலோடு இணைக்கும் நாண் வந்து ஒட்டும் எலும்பின் வளர்ச்சித் தட்டில்தான் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) வலி இருக்கும். 8 முதல் 14 வயதுக்குள் இதுதான் அதிகம். இரண்டு மூன்று விரல் மேலே, நாணைக் கிள்ளினால் வலித்தால் நாணிலேயே கோளாறு.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எலும்பு நீண்ட வேகத்துக்கு ஆடுசதை நீளவில்லை. நாண் ஏற்கெனவே விறைப்பாக இருக்கிறது. ஸ்பைக்ஸில் குதிகால் பக்கம் மெத்தை கிடையாது. ஒவ்வொரு எட்டிலும் நாண் கூடுதலாக இழுபடுகிறது.

காலை நொண்டல் நிற்கும்வரை ஸ்பைக்ஸ், வேக ஓட்டம், தாண்டுதல் மூன்றும் வேண்டாம். சைக்கிள், நீச்சல் போதும். இரண்டு ஷூவிலும் குதிகாலுக்கு அடியில் மெத்தைப் பட்டை வையுங்கள், ஒன்றில் மட்டும் வைக்காதீர்கள். நொண்டல் நின்றபின் ஒருநாள் விட்டு ஒருநாள் இந்தப் பயிற்சி: சுவரில் கை ஊன்றி, இரு குதிகாலையும் உயர்த்தி, மூன்று எண்ணும்வரை மெல்ல இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை, லேசாக மடக்கி 15 முறை. இப்படி இரண்டு சுற்று. மடக்கிச் செய்வதை விட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கும் சதைக்கு வேலை தருவதே அதுதான். தொப்பென்று இறக்கினால் பலனில்லை. படி விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டும் சிலர் செய்யச் சொல்வார்கள். வளர்ச்சித் தட்டு வலிக்கும் பிள்ளைக்கு அது ஆகாது.

ஸ்பைக்ஸுக்குத் திரும்பும்போது முதல் வாரம் இரண்டே நாள், வார்ம் அப் முடித்து, 60 மீட்டர் மூன்று ஓட்டம். ஸ்பைக்ஸையும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். வாரம் ஒருநாள் முழு ஓய்வு. காலையில் பள்ளியில் பி.டி. மாஸ்டர், மாலையில் தனிப் பயிற்சி என்றால், ஒருவர் ஓடவைப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவரிடமும் நீங்களே சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்குக் கால் கெடுவது இங்கேதான்.

இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடும்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, அந்தக் காலில் எம்பி நிற்க முடியாமல் போனால் அன்றே. வலி போக நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட மட்டும் சம்மதிக்காதீர்கள்; நாண் பலவீனமாகி அறுந்துபோகக்கூடும்.