பூட்டிய பீரோவும் ஒன்பதாம் வகுப்பும்

அன்புள்ள சார்,

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இந்த ஆண்டு நூலகப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் இரண்டு பீரோ, ஓர் இருப்புப் பதிவேடு, அவ்வளவுதான். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு நூலகப் பிரியட். ஆர்வமாகத்தான் ஆரம்பித்தேன். தலைவர்கள் வரலாறு, நீதிக்கதைகள், பெரிய சரித்திர நாவல்கள் என்று நல்ல புத்தகமாகப் பார்த்துக் கொடுத்தேன். படித்ததும் ஒரு பக்கம் கதைச்சுருக்கம் எழுதச் சொன்னேன். இப்போது பாதிப் பேர் பின்னட்டையைப் பார்த்து எழுதுகிறார்கள்; மீதிப் பேர் அவர்களைப் பார்த்து எழுதுகிறார்கள். சில பிள்ளைகளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வருகிறது. இதற்கிடையில் இரண்டு புத்தகத்தைக் காணோம். ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் சத்தம் போட, திரும்பவும் பூட்டிவிட்டேன். செல்போனே கதி என்று கிடக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை வரும் என்று நினைக்கிறீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள டீச்சர்,

செல்போனை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த இரண்டு புத்தகங்களின் பெயரைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். நீதிக்கதையாக இருக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். யாரோ ஒரு பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வராத அளவுக்கு ஒரு புத்தகம் பிடித்திருக்கிறது. அடுத்து எந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே நம்பகமான தகவல் அதுதான்.

தலைமையாசிரியரின் பயத்தையும் நான் கேலி செய்யவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பள்ளியிலும் பீரோ திறக்காது. ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஓர் ஆண்டில் வாசகர்கள் எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு 5 தொலைந்தால், மோசடியோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, அதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. அரிய நூல்களும், 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளவையும் தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். உங்களுடையது மாநில அரசுப் பள்ளி, இந்த விதி அப்படியே செல்லாது. ஆனாலும் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல உதவும். கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: 40 பிள்ளைகள் வாரம் ஒரு புத்தகம் எடுத்தால் பத்து வாரத்தில் 400. அதில் 2 போனால் சரியாக அந்த விகிதம். புத்தகம் கைமாறக் கைமாற விகிதம் குறையும். பூட்டி வைத்தால் இழப்பு பூஜ்யம்தான், வாசிப்பும் பூஜ்யம்.

கணக்கு டீச்சருக்கு எதற்கு நூலகம் என்ற அலுப்பு உங்கள் கடிதத்தில் லேசாகத் தெரிகிறது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சேர்ந்த வேகத்தில் சலித்துப்போய், பழைய வேலையையே கொடுங்கள் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய்ப் படித்து, அங்குள்ள நூலகங்களைப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. 1931-ல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருந்ததைச் சொல்கிறார். நம்மிடம் சங்கிலி இல்லை, கோத்ரெஜ் பூட்டு இருக்கிறது.

அதே 1931-ல்தான் உங்கள் மாவட்டத்து மன்னார்குடிக்குப் பக்கத்தில், மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். பஸ் வசதியில்லாத ஊர்களுக்குப் புத்தகம் தேடிக்கொண்டு போயிருக்கிறது. உங்கள் பீரோ தலைமையாசிரியர் அறையிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டும், ஒரு வராந்தா தூரம். ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தானாக முன்வந்து தலைமையாசிரியர் அறைக்குள் நுழையாது. ஐம்பது, அறுபது புத்தகத்தை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வகுப்பிலேயே வையுங்கள். பதிவு நோட்டை இரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளாக வேண்டாம், கடைசி பெஞ்சில் ஒருவராவது இருக்கட்டும்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன். உங்கள் பட்டியல் முழுக்க பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைப்பது. பதினான்கு வயதுக்குப் பேய் வேண்டும், கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டும், கிரிக்கெட் வேண்டும், அடக்க முடியாத சிரிப்பு வேண்டும். காமிக்ஸ் கட்டாயம் வேண்டும். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது அதன் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள் பலர் இன்று கனமான நாவல்களை வாசிக்கிறார்கள். வாசிக்காமல் போனவர்களும் உண்டு, சரி, அவர்கள் நீதிக்கதை படித்திருந்தாலும் போயிருப்பார்கள்.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் கடினமான விஷயம். ஆர்வம் இல்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் இதுதான். ஒரு வரியை முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகிறவனுக்குக் கதை எப்படிப் பிடிக்கும்? பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்து வந்த சின்னப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கும் வந்திருக்கும், கட்டுப் பிரிக்காமல்கூட இருக்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘நுழை’யை எல்லார் முன்னாலும் கையில் எடுக்க மாட்டான், மானம் போகும். அதனால் வகுப்பு முழுவதற்கும் ஒரு வேலை கொடுங்கள்: வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒரு சின்னப் பிள்ளைக்கு வாரம் ஒரு புத்தகம் படித்துக்காட்ட வேண்டும். முதல் மாணவியும் அதே பத்துப் பக்கப் புத்தகத்தைத்தான் எடுப்பாள். யாரும் சிரிக்க முடியாது. சத்தமாக மூன்று தடவை படித்தால் வாய் திருந்தும்.

கதைச்சுருக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எனக்கே ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம் எழுத வேண்டும் என்றால் படிப்பதை விட்டுவிடுவேன். அந்த நேரத்தில் நீங்கள் படித்துக்காட்டுங்கள், பத்து நிமிடம் போதும். கதவு தட்டப்படுகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த வாரம் என்று சொல்லிவிடுங்கள். நம் வாரப் பத்திரிகைகள் ‘தொடரும்’ என்ற ஒரு சொல்லை வைத்துத்தானே வீட்டில் எல்லாரையும் வியாழன், வெள்ளி என்று காத்திருக்க வைத்தன! அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் மேலாகவே வையுங்கள். நாலு பேராவது முந்திப் படித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குக் கதையைச் சொல்லியும் கெடுப்பார்கள், கெடுக்கட்டும்.

செல்போனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதை எதிர்த்துப் பேசி எந்த ஆசிரியரும் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. உங்கள் வகுப்பறையில் அந்த நாற்பது நிமிடம் போன் இல்லை அல்லவா, அது போதும்.

இன்னொன்று. உங்கள் ஊரில் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கும். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் அந்தப் பிள்ளைகளின் வீட்டில் கட்டுகிறார்கள். நூலகத்துக்குள் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் போயிருக்க மாட்டார்கள். கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். நூலகரிடம் முன்கூட்டியே பேசி, உறுப்பினர் படிவங்களை வாங்கி வகுப்பிலேயே நிரப்பிவிடுங்கள். காப்புத்தொகை சொற்பம்தான், அதுவும் கட்ட முடியாத பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் எனக்கு எழுதுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.