நீல நைலும் கடைமடையும்

கேள்வி: மின்சாரத்துக்காகக் கட்டப்படும் அணை தண்ணீரைக் குடித்துவிடுவதில்லையே, பிறகு எத்தியோப்பியாவின் அணையைக் கண்டு எகிப்து ஏன் அஞ்சுகிறது?
– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: சுழலியைச் சுற்றிவிட்ட நீர் மீண்டும் ஆற்றுக்கே வருகிறது என்பது சரிதான்; ஆனால் அது எப்போது வருகிறது என்பதே கடைமடைக்காரரின் கவலை. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத ஆண்டில் வாய்க்கால் வெடித்துக் கிடக்க, விதைநெல் மூட்டையோடு காத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நைலின் கிளையாறான நீல நைலில் 2011-இல் கட்டத் தொடங்கி 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்த அணை 7,400 கோடி கன மீட்டர் கொள்ளும். மேட்டூரைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு. 1959 ஒப்பந்தத்தில் நைல் நீரை ஆண்டுக்கு எகிப்து 5,550 கோடி, சூடான் 1,850 கோடி கன மீட்டர் எனப் பங்கிட்டுக்கொண்டபோது, நைலுக்குப் பெரும்பகுதி நீரைத் தரும் எத்தியோப்பியாவுக்கு அதில் இடமே இல்லை. (இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அதே 7,400 கோடி!) மழை பொய்த்த ஆண்டுகளில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்குக் கட்டுப்படுத்தும் உடன்பாடு வேண்டுமென்று எகிப்தும் சூடானும் கேட்கின்றன, எத்தியோப்பியா அதற்கு இணங்கவில்லை. நமக்கோ, எத்தனை குறை சொன்னாலும், கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் பிலிகுண்டுலுவில் மாதந்தோறும் அளந்து பார்க்க ஒரு கணக்காவது இருக்கிறது.