அப்பா பிறந்தது 1931-ஆ, 1933-ஆ?

கேள்வி: என் அப்பா ஒரு நாளிதழில் இருபது வருடம் புனைபெயரில் சினிமா விமர்சனம் எழுதியவர். அவருக்கு நினைவு மலர் போடுகிறோம். அம்மா 1931 என்கிறார், இணையத்தில் 1933 என்று இருக்கிறது. ஜாதகத்தில் பிரஜோத்பத்தி வருஷம், மாசி மாதம் என்று எழுதியிருக்கிறது. ஏழாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் சரிபார்த்து விக்கிப்பீடியாவிலும் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவில் எழுதக் கட்டணம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், இவர்கள் சொல்வதில்லை. பிறகு பக்கம் நீக்கப்படும், போனையும் எடுக்கமாட்டார்கள். இணையத்தில் பத்து இடத்தில் 1933 என்று இருந்தாலும் அது பத்துச் சான்று இல்லை, ஒருவர் போட்டதை மற்ற ஒன்பது பேர் எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

இரண்டுமே தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. பிரஜோத்பத்தி 1931 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1932 ஏப்ரலில் முடிகிறது, அதனால் மாசி என்றால் 1932 பிப்ரவரி, மார்ச். 1933 அநேகமாகப் பள்ளிச் சான்றிதழில் இருந்து வந்திருக்கும். பின்னால் சர்க்கார் உத்தியோகத்துக்கு உதவும் என்று ஒரு வயதைக் குறைத்துப் பள்ளியில் சேர்ப்பது அந்தக் காலத்தில் சகஜம்.

தேதி பார்க்கும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும், படித்தவர்களே இங்கே தவறுகிறார்கள். ஜாதகத்தில் கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும், நள்ளிரவில் இல்லை. 'வியாழக்கிழமை, உதயாதி நாழிகை 52' என்று இருந்தால், நாழிகைக்கு 24 நிமிடம், அதாவது உதயத்திலிருந்து 20 மணி 48 நிமிடம் கழித்து, விடியற்காலை மூன்று மணி வாக்கில். வீட்டில் அதை வியாழன் ராத்திரி என்பார்கள், ஆங்கிலத் தேதிப்படி அது வெள்ளிக்கிழமை. நாழிகை சுமார் 44-ஐத் தாண்டினால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் ஒரே நாளில் பொருந்துகிறதா என்று 1932-க்கான பஞ்சாங்கத்தில் பாருங்கள். பொருந்தினால் அதுதான் தேதி.

பிறப்புப் பதிவும் கேட்டுப் பாருங்கள். அப்பா பெயரைச் சொன்னால் 'பதிவு இல்லை' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பழைய பதிவேடுகளில் பல இடங்களில் 'ஆண் குழந்தை' என்று மட்டும்தான் இருக்கும், தாத்தா பெயரில் தேடச் சொல்லுங்கள். இதை அந்த அலுவலகமே சொல்லலாம், ஆனால் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினாலும் ஒருவரும் சொல்வதில்லை. வாசலில் நிற்கும் புரோக்கர் மட்டும் சொல்வார், அதற்கும் காசு.

புனைபெயர் விஷயம். 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதியவர் கல்கி என்பது ஊரறிந்தது, ஆனால் ஒரு நாளிதழின் விமர்சகருக்கு அப்படி யாரும் குறித்து வைப்பதில்லை. ஒரே பெயரில் இரண்டு உதவி ஆசிரியர்கள் மாறி மாறி எழுதியதும் உண்டு. அதனால் கையெழுத்துப் பிரதி, சன்மானச் சீட்டு, ஆசிரியர் கடிதம் ஏதாவது ஒன்று கிடைத்த விமர்சனங்களை மட்டும் அவருடையது என்று போடுங்கள். பழைய இதழ்களுக்கு ரோஜா முத்தையா நூலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

மலரில் இப்படிப் போடுங்கள்: 'பிறப்பு 1932, ஜாதகப்படி, பள்ளிச் சான்றிதழில் 1933.' சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் அந்த இரண்டாவது பாதியைச் சேருங்கள்.