மில்லிமீட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் வசிக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளைத் தங்கும் விடுதிகளுக்காகப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். அண்மையில் பழைய டெக்னிக்கல் கேமரா (லென்ஸை மேலும் கீழும் நகர்த்தக்கூடியது) ஒன்றை 35 மி.மீ. லென்ஸோடும், சி.சி.டி. வகைச் சென்சார் உள்ள 80 மெகாபிக்சல் டிஜிட்டல் பேக்கோடும் (கேமராவின் பின்னால் பொருத்தும் சென்சார் பெட்டி) வாங்கினேன். அதில் லைவ் வியூ, அதாவது திரையில் நேரடியாகப் பார்த்து எடுப்பது, உதவவில்லை. கேமராவின் பின்னால் படம் விழும் தேய்த்த கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் பார்த்தால் ஓரங்கள் இருட்டடிக்கின்றன. லேசர் மீட்டரில் தூரத்தை அளந்து லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கேமரா வாங்கி விற்கும் தரகர் ஒருவர், ‘புகைப்படக்காரர்களுக்கென்றே செய்தது, 1 மில்லிமீட்டர் துல்லியம்’ என்று சொல்லி ஒரு மீட்டரை 48,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். கொத்தனார்களும் தச்சர்களும் வைத்திருக்கும் 4,000 ரூபாய் மீட்டர் போதாதா?

பதில்: வீட்டுக்குள் எடுக்கும் படங்களுக்குப் போதும். வெயிலில் முகப்பை எடுப்பதற்கு மட்டும் வேறு வகை தேவைப்படலாம். அதற்கும் துல்லியம் காரணமன்று.

முதலில் அந்த 1 மில்லிமீட்டரைப் பார்ப்போம். உங்கள் 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8 துளையில், எண்பது மெகாபிக்சல் பேக்கில், நான் வைத்துக்கொள்ளும் கண்டிப்பான கணக்கின்படியே பார்த்தாலும், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 60 பங்கு விலகும் வரை படம் கெடுவதில்லை. 5 மீட்டர் தொலைவிலுள்ள தூணை நீங்கள் 5 சென்டிமீட்டர் தவறாக அளந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவறால் லென்ஸ் விலகுவது ஆயிரத்தில் இரண்டரைப் பங்குதான். ஐந்து சென்டிமீட்டருக்கே இந்த நிலை என்றால், கொத்தனார் மீட்டரின் ஒன்றரை மில்லிமீட்டர் பிழையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. 1 மீட்டருக்கு நெருங்கி வந்தால்தான் ஐந்து சென்டிமீட்டர் பிழை படத்தில் தெரியத் தொடங்கும். வளையத்தை 20 மீட்டரில் வைத்துவிட்டாலோ, ஏறத்தாழ 10 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாகிவிடும். ஆகவே அட்டைப்பெட்டியில் 100 மீட்டர், 150 மீட்டர் என்று அச்சிட்டிருப்பதற்கும் உங்கள் வேலைக்கும் தொடர்பில்லை. உங்களுக்கு வேண்டியது ஒன்றிலிருந்து 20 மீட்டர் வரை சந்தேகமில்லாமல் சொல்லும் கருவி.

அந்த 100 மீட்டர் எண்ணும் நிழலில், நல்ல வெளிர்ப் பரப்பில், சில சமயம் அதற்கென்றே தரும் பலகையை எதிரே வைத்துப் பெற்ற எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். நல்ல நிலையிலும் மோசமான நிலையிலும் எவ்வளவு தூரம், எவ்வளவு பிழை என்று தனித்தனியே சோதித்துச் சொல்வதற்கு ஐ.எஸ்.ஓ. 16331-1 என்ற தரநிலை இருக்கிறது. கையேட்டில் அதைக் குறிப்பிட்டு இரண்டு எண்களையும் தந்திருக்கும் மீட்டரை நம்பலாம்.

வெயிலில் வரும் சிக்கல் வேறு. இந்த மீட்டர்களின் லேசர் 1 மில்லிவாட்டுக்கும் குறைவான, லேசர் பாதுகாப்பு வகைப்பாட்டில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த ஒளி. சித்திரை வெயிலில் காரைக்குடியில் வெள்ளையடித்த முகப்பின் மேல் 12 மீட்டரிலிருந்து அந்தச் சிவப்புப் புள்ளியை நீங்கள் கண்ணால் காண முடியாது. மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும்; அது தூணிலிருந்து வந்ததா, தூணைத் தாண்டிப் பின்சுவரிலிருந்து வந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. இதற்குத்தான் உள்ளே சிறு கேமரா வைத்து, திரையில் குறுக்குக் கோட்டோடு இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் மீட்டர்கள் வந்தன. கையடக்க லேசர் மீட்டரை 1993-இல் முதலில் கொண்டுவந்த லைக்கா டிஸ்டோ வரிசையில் டி510, எக்ஸ்4 ஆகியவற்றிலும், போஷ் வரிசையில் ஜி.எல்.எம். 150-27 சி என்ற மாதிரியிலும் இந்த வசதி உண்டு. எக்ஸ்3 என்பது எக்ஸ்4 போலவே தோற்றமளிக்கும். ஆனால் அதில் கேமரா கிடையாது. ‘இரண்டும் ஒன்றுதான் சார்’ என்று எக்ஸ்3-ஐத் தலையில் கட்டும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த ஆட்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இவர்களால்தான் வருகின்றன. புகைப்படக்காரர்களுக்கென்று தனியாகச் செய்த லேசர் மீட்டர் என்று தரகர் காட்டுவதை வாங்கித் திருப்பிப் பாருங்கள். கட்டட வேலைக்காரர்களுக்கு விற்கும் அதே மீட்டர், கேமராவின் மேல் பொருத்த ஓர் அலுமினியத் துண்டு, ஒரு தோல் உறை, இவ்வளவுதான் இருக்கும். அந்தத் துண்டைத் திருநகரிலோ வில்லாபுரத்திலோ ஒரு லேத் பட்டறையில் சில நூறு ரூபாய்க்குக் கடைந்து தருவார்கள். அடுத்தது பச்சை லேசர். பச்சை நிறம் கண்ணுக்குச் சிவப்பைவிடப் பளிச்சென்று தெரியும் என்பது உண்மைதான். ஆனால் உச்சிவெயிலில் வெள்ளைச் சுவரில் அதுவும் காணாமல்தான் போகும், பேட்டரியும் விரைவில் தீரும், விலை மட்டும் ஏறியிருக்கும். மூன்றாவது, யாரோ முத்திரை குத்திய துல்லியச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம். ஐந்து மீட்டர் இரும்பு டேப்பைத் தரையில் நீட்டி இரண்டு நிமிடத்தில் நீங்களே சரிபார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சான்றிதழ் எதற்கு?

வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்த சரக்கா என்று அறிய எளிய வழி உண்டு. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும். அந்த விவரங்கள் உள்ள தாள் பெட்டியில் இல்லையென்றால் பில்லும் இருக்காது, வாரண்டியும் இருக்காது. விதி எழுதியவர்கள் அதோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். பெட்டியைப் புரட்டிப் பார்க்கும் வேலையும் வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது.

மீட்டருக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியது உங்கள் கேமரா. பழைய கேமராவோடு வேறொருவரின் பேக்கைச் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள தொலைவு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 50 பங்கு கூடியிருந்தாலும், வளையம் முடிவிலியில் நிற்கும்போது உங்கள் லென்ஸ் உண்மையில் ஏறத்தாழ 24 மீட்டருக்குத்தான் ஃபோகஸ் ஆகியிருக்கும். இந்தக் குறையை நீக்கத்தான் பேக் பொருத்தும் தகட்டுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகளை வைப்பார்கள். மொட்டைமாடியில் முக்காலியை வைத்து, வளையத்தை முடிவிலியில் நிறுத்தி, துளையை முழுக்கத் திறந்து யானைமலையை எடுங்கள். அதன்பின் டேப்பால் அளந்த 3 மீட்டர் தூரத்தில் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுங்கள். கணினியில் முழு அளவில் பார்க்கும்போது இரண்டும் கூர்மையாக இருந்தால்தான் வளையத்து எண்களுக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் 48,000 ரூபாய் மீட்டரும் பொய்யான அளவுகோலுக்கு மெய்யான எண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அளக்கும் முறையில் இரண்டு இடங்களில் பலர் வழுக்குகிறார்கள். மீட்டர் வழக்கமாகத் தன் பின்விளிம்பிலிருந்து அளக்கிறது. வளையத்து எண்ணோ பொதுவாகச் சென்சார் இருக்கும் தளத்திலிருந்து கணக்காகும் (உங்கள் லென்ஸின் கையேட்டில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்). கேமராவின் உடலில் வட்டத்தின் நடுவே கோடு போட்ட குறி இருந்தால் அதுவே அந்தத் தளம். மீட்டரின் பின்விளிம்பை அதற்கு நேராக வைத்தால் போதும். எட்டுப் பத்து மீட்டரில் இதனால் ஒன்றும் கெடாது, ஒன்றரை மீட்டரில் கெடும்.

இரண்டாவது, சாய்வு. ஃபோகஸ் ஆவது சென்சாருக்கு இணையான ஒரு தளம். லேசர் சொல்வதோ கருவியிலிருந்து அந்தப் புள்ளிக்குள்ள நேர்க்கோட்டுத் தூரம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நின்று 40 பாகை மேல்நோக்கி ஒரு தூணின் உச்சியிலுள்ள போதிகையை அளந்தால் 5.2 மீட்டர் என்று வரும். ஆனால் ஃபோகஸுக்கு வேண்டியது 4 மீட்டர்தான், இந்த வித்தியாசம் உங்கள் படத்தில் தெரியும். எனவே வாங்கும் மீட்டரில் சாய்வு உணர்வி இருக்கட்டும். மேல்நோக்கி அடித்தாலும் கிடைமட்டத் தூரத்தைத் தானே சொல்லிவிடும். உங்கள் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை உயர்த்தித்தானே எடுப்பீர்கள், அதனால் அந்தக் கிடைமட்டத் தூரம் அப்படியே பொருந்தும். பக்கவாட்டில் ஓரத்துத் தூணை அளக்கும்போது இந்த உதவி கிடையாது. அங்கே தூணோடு ஒரே வரிசையில், கேமராவுக்கு நேர் எதிரே ஒருவரை நிறுத்தி அவரை அளந்துகொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவரும் மழமழப்பான கருங்கல் தூணும் சாய்வாக அடித்த லேசரை எங்கேயோ தள்ளிவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையின் வெறும் பின்பக்கத்தை அந்த இடத்தில் பிடிக்கச் சொன்னால் எண் உடனே வரும்.

செட்டிநாட்டு வீடு என்பதால் நிலைக்கண்ணாடியைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். பெல்ஜியம் கண்ணாடி ஒன்று உங்களிடமிருந்து 3 மீட்டரில் மாட்டியிருக்கிறது. அதில் எதிர்வரிசைத் தேக்குத் தூண்கள் தெரிகின்றன. தூண்கள் கண்ணாடியிலிருந்து 5 மீட்டரில் நிற்கின்றன. கண்ணாடியின் சட்டம் 3 மீட்டரில் ஃபோகஸ் ஆகும். அதற்குள் தெரியும் தூண்களோ 8 மீட்டரில்தான் ஃபோகஸ் ஆகும், கண்ணாடியின் பரப்பில் அல்ல. சுத்தமான கண்ணாடியில் லேசரை அடித்தால் ஒளி திரும்பித் தூணில் பட்டு வந்த வழியே மீண்டு, மீட்டரே 8 என்று கூட்டிச் சொல்லிவிடக்கூடும். ஆனால் ரசம் உதிர்ந்த இடத்திலோ தூசியிலோ பட்டால் 3 என்று சொல்லும், சில சமயம் பிழைக்குறி காட்டும். ஆகவே அங்கே அடிக்கவே வேண்டாம். சட்டத்தைத் தனியாக அளந்து, கண்ணாடியிலிருந்து தூணுக்குள்ள தூரத்தைத் தனியாக அளந்து, நீங்களே கூட்டுங்கள். லென்ஸின் துளையை எஃப் 11 வரை மூடினாலும் சட்டமும் தூணும் ஒரே படத்தில் கூர்மையாக வராது. இரண்டு படமாக எடுத்துச் சேர்க்க வேண்டும். கண்ணாடியில் அடித்த லேசர் எதிரே நிற்பவர் கண்ணில் பாயும் என்பதும் வேண்டாம் என்பதற்குக் காரணம். தண்ணீரில் தெரியும் நிழலுக்கும் இதே கணக்குத்தான்: நீரின் மேற்பரப்பை அளக்காதீர்கள், கட்டடத்தையே அளங்கள்.

இன்னொன்று. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுக்கு அனுமதி கேட்டு எழுதும்போது முக்காலியோடு லேசர் மீட்டரையும் ‘கேமராவின் துணைக்கருவி’ என்று குறிப்பிட்டுவிடுங்கள். மதுரையில் ஒரு பழைய கட்டடத்தில், கடிதத்தில் முக்காலி மட்டும் இருந்ததால், என்னிடமிருந்த மீட்டரைப் பார்த்து நில அளவைக்கு வந்தவன் என்று முடிவுசெய்து, அதற்கு வேறு மேசை, வேறு கையெழுத்து என்று அனுப்பிவைத்தார்கள். அந்த மேசைக்காரர் அன்று விடுப்பு. காலை வெளிச்சம் முழுவதும் வராந்தாவில் போயிற்று. கிராமத்து வீடுகளிலும் மீட்டரை வெளியே எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் சாலை விரிவாக்கத்துக்கு அளக்க வந்திருக்கிறீர்கள் என்று தெரு கூடிவிடும்.

இப்போதைக்குத் தரகரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். சாய்வு உணர்வியுள்ள சாதாரண மீட்டர் ஒன்றைப் பவர் டூல்ஸ் கடையில் பில்லோடு வாங்கி, அளவை மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அடிக்கணக்கில் வைத்தே விற்பார்கள், 5.3 அடியை 5.3 மீட்டர் என்று வளையத்தில் வைத்துவிட்டு லென்ஸைக் குறை சொன்னவர்களை எனக்குத் தெரியும். முகப்புப் படங்களைக் காலை 7 மணிக்கு முன் அளந்து முடிக்க முடிகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். முடியவில்லை என்றால் கேமரா உள்ள மீட்டருக்குப் போகலாம்; வாங்கும் நாளில் பகல் 12 மணிக்குக் கடைக்காரரைத் தெருவுக்கு அழைத்து, எதிர்ச் சுவரில் இலக்கு திரையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.