ஒரு தடவைதான் கேட்பார்கள்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதிய பிள்ளைக்கு,

உன் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். 16 வயசு, பத்தாம் வகுப்பு முடித்தாயிற்று. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருஷம் ஜெர்மனிக்குத் தேர்வாகியிருக்கிறாய், ஆகஸ்டில் பயணம். காசெல் பக்கம் ஒரு சின்ன ஊர், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. நீ சைவம். அம்மா ஒரு மாசமாக அழுகிறாள், சித்தப்பா “ஒரு வருஷப் படிப்பு போச்சு” என்கிறார். “அக்கா, குக்கர் கொண்டு வரலாமா? குளிர் தாங்குமா? அந்த வீட்டில் எப்படி நடந்துகொள்ளணும்?” என்று கேட்டிருக்கிறாய்.

எனக்கு 46 ஆகிறது, அத்தை என்றே கூப்பிடு. நெல்லை வண்ணார்பேட்டைக்காரி. 2002இல் மேற்படிப்புக்கு என்று ஜெர்மனிக்கு வந்தவள், இப்போது மியூன்ஸ்டரில் இருக்கிறேன். குக்கர் வேண்டாம். குளிர் தாங்கும். மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வந்த புதிதில் ஒரு பாட்டி வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். முதல் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மேஜையில் கறுப்பாக ஒரு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய்த் துண்டு, ஒரு கூஜா டீ. அடுப்பு பற்ற வைத்த வாசனையே இல்லை. இங்கே பல வீட்டில் சூடான சாப்பாடு மத்தியானத்தோடு சரி, ராத்திரிக்கு ரொட்டிதான். பாட்டி ரொட்டிக் கூடையை என் பக்கம் நீட்டினார். நான் சிரித்துக்கொண்டே “வேண்டாம், நன்றி” என்றேன்.

நம்ம பக்கம் அது ஒரு பதிலா? அது பேச்சுக்குத் தொடக்கம். “இப்பத்தான் சாப்ட்டுட்டு வாரேன்” என்போம், “அட, ஒரு வாய் சாப்பிடுங்க” என்பார்கள். “இல்ல, இருக்கட்டும்” என்போம், அதற்குள் இலையில் இரண்டு இட்லி விழுந்திருக்கும். மூன்றாம் தடவை சொல்வதற்குள் சாம்பாரும் வந்துவிடும். அந்தப் பாட்டி தலையை ஆட்டிவிட்டு, கூடையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, தன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தார். இரண்டாம் தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பாலாடைக்கட்டி டப்பாவின் மூடி ‘டக்’ என்று மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்று ராத்திரி லைட்டைக்கூடப் போடாமல், பெட்டியில் இருந்த அல்வாவில் பாதியைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தேன்.

மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் பார்த்தால் மேஜையில் வெள்ளை ரொட்டி. அந்த ரொட்டி எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, மழையில் பேக்கரிக்குப் போய் வேறு வாங்கி வந்திருக்கிறார் பாவம். “உனக்கு எது பிடிக்கும் என்று நீ சொன்னால்தானே எனக்குத் தெரியும்” என்றார். கோபமே இல்லை. இவர்கள் கணக்கில், வேண்டாம் என்றவளை மறுபடி வற்புறுத்துவதுதான் மரியாதைக் குறைச்சல்.

அதனால் வேணும் என்றால் வேணும் என்று சொல். பசித்தால் பசிக்கிறது என்று சொல். இது உனக்கு ஜெர்மன் மொழியைவிடக் கஷ்டமாக இருக்கும். எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

இதே விஷயத்தை எதிர்ப்பக்கம் இருந்தும் பார்த்திருக்கிறேன். 2018இல் பிரேசில் பெண் ஒருத்தி எங்கள் வீட்டில் பத்து மாசம் இருந்தாள், உன்னை மாதிரியே வந்தவள். இங்கே இப்படிப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. இதை மனசில் வைத்துக்கொள். நீ வாடகைக்கு இருப்பவளும் இல்லை, விருந்தாளியும் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை. உன் தட்டை நீ கழுவி வைக்க வேண்டும், குப்பையைப் பிரித்துப் போடத் தெரிய வேண்டும்.

சரி, அந்தப் பெண் கதைக்கு வருகிறேன். நவம்பரில் இரண்டு வாரமாக எப்போது பார்த்தாலும் அறைக் கதவு சாத்தியே இருந்தது. சாப்பிடுவாள், உடனே போய்விடுவாள். நம்ம வீடு பிடிக்கவில்லை போல என்று நானும் என் வீட்டுக்காரரும் குசுகுசுத்துக்கொண்டோம். ஒருநாள் துவைத்த துணியைக் கொடுக்க உள்ளே போனேன். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சுவரோரம் இருக்கும் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ். அதன் திருகில் 1 முதல் 5 வரை எண் இருக்கும், அதற்குக் கீழே பனிப்பூ மாதிரி ஒரு குறி. குழாய் உறையாமல் இருந்தால் போதும் என்பதற்கான குறி அது. திருகு அதில் நின்றது. நான் 3இல் வைத்தேன், கால் மணி நேரத்தில் அறை சூடாகிவிட்டது. “ஏன் சொல்லவில்லை?” என்றால், “உங்களுக்குத் தொந்தரவு என்று நினைத்தேன்” என்கிறாள். நாங்கள் அவள் எங்களை வெறுக்கிறாள் என்று நினைத்திருக்கிறோம், அவள் குளிரில் நடுங்கியிருக்கிறாள். எனக்கு அந்தப் பாட்டியின் வெள்ளை ரொட்டி ஞாபகம் வந்தது.

இந்த ‘ஒரு தடவை’ வழக்கம் உனக்குச் சாதகமாகவும் இருக்கும். இங்கே 16 வயசில் பீர், ஒயின் வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. உன் வகுப்புப் பிள்ளைகள் குடிப்பார்கள், உன்னிடமும் நீட்டுவார்கள். “நான் குடிப்பதில்லை” என்று ஒரே தடவை சொன்னால் போதும், பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். காரணம் சொல்ல வேண்டாம், சாமியையும் சாதியையும் இழுக்க வேண்டாம். உன் திட்டத்தின் விதிமுறைத் தாளில் குடி, வண்டி ஓட்டுவது பற்றியெல்லாம் என்ன போட்டிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன்னால் வாசி. மீறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த வீட்டில் யாராவது உன்னிடம் நடந்துகொள்வது மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால், பொறுத்துப் போகிறேன் என்று இருக்காதே. உனக்கென்று உள்ளூரில் ஒரு பொறுப்பாளர் இருப்பார், முதல் வாரமே அவர் நம்பரை வாங்கிக்கொள். வீடு மாற்றித் தருவது அவர்களுக்குப் பழகின வேலை, அதில் ஒரு அவமானமும் இல்லை. பிள்ளைகள் பேசுவதற்கென்றே 116 111 என்று ஒரு இலவச உதவி எண் இருக்கிறது, அவசரத்துக்கு 112. இரண்டையும் அம்மாவும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். நம்ம ஊரில் வாயை மூடிக்கொண்டு படிக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. இங்கே வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கே மார்க் உண்டு, பல பாடங்களில் எழுத்துப் பரீட்சைக்குச் சமமாகக்கூட இருக்கும். தப்பாகச் சொன்னாலும் சொல்கிறவளுக்குத்தான் மார்க். அப்புறம் மார்க் போடும் முறையே தலைகீழ்: 1 என்றால் முதல்தரம், 6 என்றால் ஃபெயில். என் மகன் கணக்கில் 1 வாங்கியதை ஃபோனில் சொன்னபோது என் மாமியார் “ஒண்ணுதானா! நூத்துக்கா?” என்று அதிர்ந்து போனார். மறுநாள் நெல்லையப்பர் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை. அதனால் உன் முதல் ரிப்போர்ட் போகும் முன்னால் வீட்டில் விளக்கிச் சொல்லிவிடு.

சித்தப்பாவுக்கு நேராகவே சொல்கிறேன்: ஆமாம், ஒரு வருஷம் தள்ளித்தான் போகும். இங்கே படிப்பதை அப்படியே பிளஸ் ஒன்னாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி வராதே. திரும்பி வந்து பிளஸ் ஒன்னில் சேருவதாகவே கணக்குப் போடு. கிளம்பும் முன்னாலேயே தலைமையாசிரியரிடம் பேசி, அடுத்த ஜூனில் இடம் உண்டு என்பதை எழுத்தில் வாங்கி வை. டாக்டருக்குப் படிக்கப் போகிறாய், நீட்டை நினைத்து ஒவ்வொரு மாசமும் வீட்டில் பதறுவார்கள் என்றால், இந்த வருஷம் உனக்கு நிம்மதியாக இருக்காது, யோசித்துக்கொள். அப்படி இல்லையென்றால் 17 வயசில் பிளஸ் ஒன் படிப்பதால் தாமிரபரணி ஒன்றும் வற்றிப் போகாது.

பேப்பர் வேலையில் இரண்டே விஷயம். ஒன்று, தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டதற்கு அத்தாட்சி வேண்டும். 2020 மார்ச்சிலிருந்து இங்கே பள்ளிக்கூடத்தில் சேர அது கட்டாயம். சின்ன வயசுத் தடுப்பூசி அட்டை பீரோவில் கிடக்கிறதா என்று இப்பவே தேடு. இரண்டாவது, உன் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். அப்படியானால் எல்லா ஆபீஸ் கடிதமும் அப்பா பெயருக்குத்தான் வரும். எங்கப்பாவுக்குச் சுடலைமாடன் பெயரில் தொடங்கும் நீளமான பெயர். முதல் வருஷம் ஓர் அலுவலகத்தில் அதை இரண்டாக உடைத்துப் பதிந்து, சரிபண்ண ஆறு மாசம் அலைந்தேன். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. இன்னும் ஆஸ்பத்திரியில் வரிசை வந்தால், நர்ஸ் கதவைத் திறந்து அவர் பெயரைத்தான் சத்தமாகக் கூப்பிடுகிறாள். நான் எழுந்து போகிறேன்.

சாப்பாடு பெரிய பிரச்சினை இல்லை, இந்த ஊரில் சைவம் இப்போது சுலபம். ஆனால் முட்டை உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே எழுதிவிடு, கேக் முழுக்க முட்டை. ரப்பர் மாதிரி இருக்கும் மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டிலும் பன்றியிலும் எடுப்பது. அது தெரியாமல் நான் முதல் மாசம் எத்தனை தின்றேன் என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பெட்டியில் நெய் டப்பா வைக்காதே, ஐரோப்பாவுக்குள் பால்பொருளும் இறைச்சியும் கொண்டு வரக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, பொடியாக்கிக்கொள். டவுனில் விற்கும் ஸ்வெட்டர் கொடைக்கானலுக்கு ஆகும், இங்கே ஆகாது. ஒன்று போதும், மீதியை வந்து வாங்கு. வீட்டுக்குள் போட ஒரு செருப்பு, கழிவறைக்கு ஒரு சின்ன மக் (சிரிக்காதே, முதல் நாளே என்னை நினைப்பாய்), தலைக்கு எண்ணெய் வைப்பாய் என்றால் சொந்தமாக இரண்டு தலையணை உறை. அவர்கள் வெள்ளை உறையில் தேங்காயெண்ணெய்க் கறை போகவே போகாது.

அந்த வீட்டுக்குக் கொடுக்கப் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கு. சுருட்டினால் பெட்டியில் அடங்கும், கோரையை எப்படி இவ்வளவு மெல்லிசாகக் கிழித்தார்கள் என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். சாமி படம், பித்தளை விளக்கு எல்லாம் வேண்டாம், எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

கிளம்புவதற்குள் சொதி வைக்கக் கற்றுக்கொள். மசாலாப் பொடி தூவிக் குழம்பு வைப்பதை எல்லோரும் செய்கிறார்கள். நம்ம மறுவீட்டுச் சொதி இவர்கள் வாய்க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி, காரமே இல்லை. தேங்காய்ப்பால் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் டப்பாவில் கிடைக்கும். பாசிப்பருப்பை மட்டும் ஊரிலிருந்து கொண்டு வா. முருங்கைக்காய்க்குப் போகாதே, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப்பட்டாணி போதும். தேங்காய்ப்பால் ஊற்றியபிறகு கொதிக்க விடாமல் இறக்கு, எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழி. இஞ்சித் துவையலைத் தனியாக வைத்துவிடு, தைரியசாலி தொட்டுக்கொள்ளட்டும். நான் அந்தப் பாட்டிக்கு வைத்துக் கொடுத்தபோது இரண்டாம் தடவை அவராகவே கரண்டியை எடுத்துப் போட்டுக்கொண்டார், நான் உபசரிக்கவே விடவில்லை.

அம்மா விஷயம். நேர வித்தியாசம் நீ வரும்போது மூன்றரை மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயிறில் கடிகாரத்தை மாற்றியபிறகு நாலரை. தினமும் வீடியோவில் பேசினால் இரண்டு பேருக்குமே ஆறாது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள், அன்றைக்கு இங்கே கடையெல்லாம் சாத்தித்தான் இருக்கும். டிசம்பரில் சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், காலை எட்டு மணிக்கும் சரியாக விடிந்திருக்காது. அந்த மாசம் அழுகை வரும், வந்தால் அழு. ஆனால் அழுதுகொண்டே ஊருக்கு ஃபோன் போடாதே. அம்மாவால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். பக்கத்து அறையில் இருப்பவர்களிடம் சொல், அவர்களால் ஒரு டீயாவது போட்டுத் தர முடியும்.

ஹம் என்ற ஊரில் ஈழத்துக்காரர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. நான் வந்த அதே 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தைத் தூரத்தில் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும், சுற்றிலும் தொழிற்பேட்டை. மே, ஜூன் வாக்கில் தேர் ஓடும். நெல்லையப்பர் தேர் அளவுக்குப் பெரிசு இல்லை, ஆனால் வடம் பிடிக்க உனக்கு இடம் கிடைக்கும். காசெலிலிருந்து அரை நாள் பயணம்கூட இல்லை. அந்த வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வா, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

வரும்போது எனக்குக் கால் கிலோ அல்வா வேணும். டவுன் அல்வா, சூடாக வாங்கி இலையோடு கட்டியது ஆகாது, பாக்கெட்டில் அடைத்தது. “எதுக்குப் பிள்ள உனக்குச் சிரமம்” என்றெல்லாம் சொல்ல மாட்டேன், வேணும்.