இலவசமாகப் படித்த ஐடிஐ சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?

பத்தாவது முடித்த தம்பியைச் சேலம் அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்க்கலாமா, இல்லை மூன்று மாத இலவசப் பயிற்சியே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ஐடிஐயில் சேருங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டுமே 2 ஆண்டுப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர்) வேலைக்கு அதை வைத்தே விண்ணப்பிக்கலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. பல வீடுகளுக்கு இது தெரியாமலே போவதுதான் எனக்கு வருத்தம். அப்புறம், படிப்பு முடிந்த கையோடு ஒரு வருடம் ஏதாவது நிறுவனத்தில் அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) இருக்கச் சொல்லுங்கள், கை நன்றாகப் பழகும். மூன்று மாதப் பயிற்சி உடனே சம்பாதிக்க உதவலாம். ஆனால் ஐடிஐ கேட்கும் அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.